வெள்ளாடும் வில்லாபைத்தாவும்

கேள்வி: ஐயா, நாங்கள் 6 ஆண்டுகளாகப் பின்லாந்தில் தம்பெரே நகரில் வசிக்கிறோம். மகள் 7ஆம் வகுப்பு. வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளின் பெயர் எங்கிருந்து வந்தது என்று 2 பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பின்னிக்கொடுத்த கம்பளி ஸ்வெட்டரை அவள் எடுத்துக்கொண்டாள். இங்கே அதற்கு வில்லாபைத்தா என்று பெயர். மதுரையில் இருக்கும் என் கணவரின் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தொலைபேசியில் இதைக் கேட்டவுடன், "வெள்ளாடுதான் வில்லா, மெய்ப்பைதான் பைத்தா. பின்லாந்து மொழியும் தமிழும் ஒரே குடும்பம் என்று கால்டுவெல்லே எழுதியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரே உற்சாகம். அப்படியே எழுதலாமா? கூடாதென்றால் பெரியப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது? பங்களாவை வில்லா என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகள் அப்படி எழுத வேண்டாம். அதில் வெள்ளாடும் இல்லை, மெய்ப்பையும் இல்லை. ஆனால் பெரியப்பா காற்றில் பந்தல் போடவில்லை. அவர் கையில் எடுத்த இரண்டு தகவல்கள் உண்மையானவை. அவற்றைக் கட்டிய கயிறுதான் பொய். அதற்குப் பிறகு வருகிறேன்.

வில்லாபைத்தா என்பது இரண்டு சொற்கள் சேர்ந்த ஒன்று. வில்லா என்றால் ஆட்டு உரோமம், பைத்தா என்றால் சட்டை. நாம் கம்பளிச் சட்டை என்கிறோமே, அதே கட்டுமானம்தான். சேர்த்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். சேர்க்கப்பட்ட இரண்டுமே இரவல். முன்பாதி கடலுக்குத் தெற்கே, இன்று லித்துவேனியாவும் லாட்வியாவும் இருக்கும் பக்கத்து மொழியிலிருந்து வந்தது. பின்பாதி ஜெர்மானிய மொழி பேசியவர்களிடமிருந்து வந்தது. பின்லாந்தின் குளிர்காலத்துக்கே உரிய பொருள், அந்த ஊர்ப் பாட்டி பின்னியது, ஆனால் பெயரில் ஒரு துண்டுகூட அந்த மொழியின் பூர்வீகச் சொத்து இல்லை. மகளின் 2 பக்கத்துக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

பங்களா வில்லாவைச் சட்டென்று முடித்துவிடலாம். அது லத்தீன். பின்லாந்தில் அந்த மாதிரி வீட்டுக்கு ஹுவிலா என்று வேறு பெயர் இருக்கிறது. எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல். லத்தீனில் வில்லுஸ் என்று இன்னொரு சொல் உண்டு. சடைமயிர் என்று பொருள், நம் வெல்வெட் அதன் வழியில் வந்ததுதான். யாராவது அதைக் காட்டி மகளைக் குழப்பினால், பின்லாந்துக்கு லத்தீன் போய்ச் சேருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே ஆட்டுக்கு மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள்.

நான் 30 ஆண்டுகள் அகராதி வேலை பார்த்தவன். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், கல்லூரிக் காலத்தில், நானும் பெரியப்பாவின் கட்சிதான். ஆங்கிலத்தில் 'வன்', தமிழில் 'ஒன்று'. இதைவிட என்ன சான்று வேண்டும் என்று விடுதியில் மேசையைத் தட்டியவன் நான். எங்கள் பேராசிரியர் கோபிக்கவில்லை. "அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 1,000 ஆண்டுகளுக்கு முன்னால் என்ன உருவம் என்று பார்த்துவிட்டு வா" என்றார். பார்த்தேன். ஆன் என்று இருந்தது. தொடக்கத்தில் இருக்கும் வகரம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அலோன், ஓன்லி என்ற சொற்களில் இன்றும் அது இல்லை. நான் ஒப்பிட்டது இன்றைய ஆங்கிலத்தின் வாயசைவை, சொல்லை அல்ல. மேசையைத் தட்டிய கை கொஞ்ச நாள் வலித்தது.

இன்னொன்று சொல்கிறேன், இதைப் பெரியப்பா ரசிப்பார். இந்தியில் கம்பளி நூலுக்கு ஊன் என்று பெயர். தமிழில் ஊன் என்றால் இறைச்சி. இரண்டும் ஆட்டிலிருந்தே வருகின்றன! ஒலியும் ஒன்று, ஆடும் ஒன்று. அப்படியும் தொடர்பு இல்லை. இந்தி ஊன், ஊர்ணா என்ற வடசொல்லின் தேய்ந்த உருவம். நடுவில் இருந்த ரகரம் உதிர்ந்து, ணகரம் னகரமான பிறகுதான் அது நம் ஊன் மாதிரி ஒலிக்கத் தொடங்கியது. இரண்டு சொற்கள் இன்று ஒன்றுபோல ஒலித்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்பட வேண்டும் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். தொலைதூர உறவுக்காரர்கள் பெரும்பாலும் முகச்சாயல் மாறியே இருப்பார்கள்.

இப்போது வில்லாவை எடுத்துக்கொள்வோம். ஒரு சொல் வீட்டுச் சொத்தா, வெளியிலிருந்து வந்ததா என்று அறிய முதலில் உடன்பிறப்புகளையும் பங்காளிகளையும் விசாரிக்க வேண்டும். பின்லாந்து மொழியின் உடன்பிறப்பு எஸ்தோனியம். அதில் வில். கரேலிய மொழியில் வில்லா. ஆக, நெருங்கிய குடும்பத்தில் எல்லோரிடமும் இருக்கிறது. தூரத்துப் பங்காளியான ஹங்கேரிய மொழியைக் கேட்டால் ஜாப்யூ என்று சம்பந்தமே இல்லாத ஒன்றைச் சொல்கிறது. வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் மொழியும் உறவுதான். அவர்கள் உல்லு என்கிறார்கள். அது ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து அவர்கள் வாங்கியது. ஸ்வீடனில் இன்றும் உல் என்பார்கள். குடும்பத்தின் பழைய பாத்திரமாக இருந்திருந்தால் பங்காளிகள் வீட்டிலும் ஒன்று கிடந்திருக்க வேண்டும். இல்லை. எனவே, பெரிய குடும்பம் பிரிந்த பிறகு, பால்டிக் கடலோரத்துக் கிளை மட்டும் இதை யாரிடமிருந்தோ வாங்கியிருக்கிறது.

யாரிடமிருந்து? லித்துவேனிய மொழியில் கம்பளி உரோமத்துக்கு வில்னா. லாட்விய மொழியிலும் வில்னா. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசுவோர் இல்லாமல் அழிந்துபோன பழைய பிரஷ்ய மொழியில் இதே சொல் மேலங்கியைக் குறித்தது. உரோமத்தின் பெயரே உடைக்கும் ஆகிவந்திருக்கிறது. (வில்னியஸ் நகரத்தை இதோடு சேர்த்துவிட வேண்டாம். அது வில்னியா என்ற ஆற்றின் பெயரால் வந்தது. பார்த்தீர்களா, பொறிகள் எத்தனை என்று!)

"வில்னாவும் வில்லாவும் ஒன்று என்று நீர் சொல்லலாம், வெள்ளாடும் வில்லாவும் ஒன்று என்று நான் சொல்லக் கூடாதா?" என்று பெரியப்பா கேட்பார். கேட்க வேண்டும். நியாயமான கேள்வி. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: வில்னா வில்லாவாக மாறியதற்கு ஒரு விதி இருக்கிறது, அந்த விதியை உங்கள் மகள் தினமும் வாயால் செய்துகொண்டிருக்கிறாள். பின்லாந்து மொழியில் 'வா' என்ற வினையின் அடி துல். முடிந்துபோன செயலைக் காட்டும் விகுதி நுத். துல், நுத் இரண்டும் சேர்ந்தால் துல்நுத் என்று வர வேண்டும். வருவதில்லை. துல்லுத் என்றே வரும். லகரத்துக்குப் பின் வரும் னகரம் லகரமாகவே மாறிவிடும். வில்னா வில்லாவானதும் அதே வழியில்தான்.

தமிழாசிரியருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. நம்மிடம் நல் என்பதோடு நெறி சேர்ந்தால் நன்னெறி. அதே இரண்டு ஒலிகள் மோதுகின்றன. நம்மிடம் னகரம் ஜெயிக்கிறது, அவர்களிடம் லகரம் ஜெயிக்கிறது. புணர்ச்சி விதி நமக்கு மட்டும் சொந்தமில்லை. பெரியப்பாவிடம் பேச்சை இங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. வெள்ளாட்டுக்கு வாருங்கள்: ளகரம் ஏன் லகரமானது, எகரம் ஏன் இகரமானது, ஆடு எங்கே போயிற்று? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சமாதானம் வேறு எந்தச் சொல்லிலும் பலிக்காது. தவிரவும், கம்பளி எங்கிருந்து வருகிறது என்று நம் ஊர் இடையர் யாரைக் கேட்டாலும் குறும்பாடு என்பார், வெள்ளாட்டைக் காட்டமாட்டார். பெரியப்பா ஆட்டையே மாற்றிப் பிடித்துவிட்டார்.

ஜெர்மானியப் பக்கத்திலிருந்து வில்லா வந்திருக்கக் கூடாதா என்றால், அங்கே உயிரெழுத்து ஒத்துவரவில்லை. பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் வுல்லா, ஸ்வீடிஷில் உல், ஆங்கிலத்தில் வுல், எல்லாம் உகரம். இகரம் வைத்திருப்பது லித்துவேனியமும் லாட்வியமும் சேர்ந்த பால்டிக் மொழிகளின் பக்கம்தான். ஒரு கள்ளனின் கால்தடத்தில் சிறுவிரல் இல்லை என்பதை வைத்துக் கண்டுபிடிப்பது மாதிரி, ஒரே ஓர் உயிரெழுத்து வழியைக் காட்டிவிடுகிறது.

இந்த வில்னா, வுல்லா, வடமொழி ஊர்ணா, லத்தீனின் லானா எல்லாமே இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. உங்கள் கைக்குத் தடவும் கிரீமில் லனோலின் என்று போட்டிருந்தால் அது அந்த லானாதான். ஆட்டு உரோமத்தின் கொழுப்பு. ஆக, இந்த வேரோடு எந்த ரத்த உறவும் இல்லாத பின்லாந்து மொழி, அண்டை வீட்டில் வாங்கிய வில்லாவின் மூலம், தில்லிக் கடைவீதியின் ஊனோடு ஒருவகையில் சம்பந்தி ஆகிவிடுகிறது.

சொல் தனியாகக் கடல் தாண்டி வரவில்லை, ஆட்டோடு வந்தது. செம்மறிக்கடா பின்லாந்து மொழியில் ஓய்னஸ், லித்துவேனியத்தில் அவினஸ். வெள்ளாடு வுவோஹி, அங்கே ஓஷீஸ். வைக்கோல் ஹெய்னா, அங்கே ஷியேனஸ். மந்தை, தீவனம், உரோமம் என்று ஒரு தொழிலே குடிபெயர்ந்ததை இந்தச் சொற்களில் பார்க்கலாம். வெறும் சந்தைப் பழக்கம் என்றும் நினைத்துவிட முடியாது. சகோதரிக்கு அவர்கள் சொல்லும் சிசர், மகளுக்குச் சொல்லும் துத்தர் (யூவுக்கும் ஈக்கும் நடுவே வாயைக் குவித்துச் சொல்ல வேண்டிய உயிர் அது, தமிழில் எழுத வராது) இரண்டும்கூட பால்டிக் இரவல்தான். மகளுக்கே வெளியூர்ச் சொல் வழங்குகிறது என்றால், அந்த இரண்டு மக்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். உங்கள் மகள் தன் கட்டுரையில் இந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது.

இதையெல்லாம் ஒழுங்காக வரிசைப்படுத்தியவர் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தாம்சன். 1869இல் ஜெர்மானிய இரவல்களைப் பற்றியும் 1890இல் பால்டிக் இரவல்களைப் பற்றியும் எழுதினார். அதற்குப் பிறகு 1893இல் மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கிலுள்ள பழந்துருக்கியக் கல்வெட்டுகளைப் படித்துக்காட்டியதும் அவரே. சிலருக்கு ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று தெரியவில்லை.

இனி பைத்தா. ஜெர்மானிய மொழிகளின் மூதாதையில் இது பைதோ என்ற உருவத்தில் இருந்தது என்று கணக்கிடுகிறோம். அந்தத் தகரத்தை நாம் 'இது' என்னும்போது மெல்லச் சொல்வோமே, அப்படிச் சொல்ல வேண்டும். பழைய பின்லாந்து மொழியில் அந்த மெல்லொலி கிடையாது. வெளியிலிருந்து வரும் மெல்லிய க, த, ப எல்லாம் அங்கே வன்மையாகிவிடும். எனவே பைத்தா. செம்மறிக்கு அவர்கள் சொல்லும் லம்மஸ் என்ற சொல்லும் அதே பக்கத்துச் சரக்குதான். ஆங்கிலத்தின் லேம் அதன் உறவு. லம்மஸில் பகரத்தைக் காணோமே என்று நினைக்கலாம். 'ஆட்டின்' என்று வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்: லம்பான். ஒளிந்திருந்த பகரம் எட்டிப் பார்க்கிறது. மகள் இதைப் பள்ளியில் இலக்கணமாக மனப்பாடம் செய்திருப்பாள். அது 2,000 ஆண்டுக்கு முந்தைய அடையாளம் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பைத்தாவின் பழைய உருவம் ஏட்டிலேயே இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பேராயர் பைபிளைக் கோதிக் மொழியில் பெயர்த்தார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தில், இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று யோவான் சொல்லும் இடம் தெரியுமல்லவா? 'இரண்டு அங்கி' என்பதற்குக் கோதிக்கில் 'ட்வோஸ் பைதோஸ்' என்று வருகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி உங்கள் மகளுக்குக் கொடுத்ததும் அதுதான்! பவேரியாவில் பழைய கிராமத்து வழக்கில் சட்டைக்கு ப்ஃபைட் என்று ஒரு சொல் உண்டு. அங்கே பகரம் ப்ஃ ஆவது வாடிக்கை. பழைய ஆங்கிலத்திலும் பாட் என்று இருந்து, வழக்கொழிந்து போயிற்று. இன்னும் பின்னால் போனால், கிரேக்கத்தில் பைத்தே என்ற சொல் கிடைக்கிறது: இடையர்கள் போட்டுக்கொள்ளும் தோல் அங்கி. பழங்கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். அது கிரேக்கத்துக்கே சொந்தமானதா, பக்கத்துத் திரேசியரிடமிருந்து வந்ததா என்பது அறிஞர்களின் வாக்குவாதம். மகள் அதில் தலையிட வேண்டாம்.

மெய்ப்பைக்கு வருவோம். பெரியப்பா இந்தச் சொல்லை நினைவுகூர்ந்தாரே, அதற்காகவே அவருக்கு ஒரு வணக்கம். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காவல் காக்கும் யவனர்கள் மெய்ப்பை புகுந்து நிற்கிறார்கள். சட்டை என்பது நம் ஊர் வெயிலில் விசித்திரமாகத் தெரிந்த காலம். கடல் கடந்து வந்த ஆள் தன் உடம்பை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு நிற்கிறான். பார்த்தவர் மெய்க்குப் பை என்று பெயர் வைத்துவிட்டார். எத்தனை துல்லியம் பாருங்கள்! வெளியூர்ப் பொருள் வந்தபோது நம்மவர் உள்ளூர்ச் சொற்களை வைத்துப் பெயர் கட்டினார்கள். பின்லாந்துக்காரர்கள் பொருளை அதன் பெயரோடு வாங்கிக்கொண்டார்கள். இரண்டும் உலக வழக்கம்தான். நாமும் எப்போதும் கட்டிக்கொண்டிருக்கவில்லை: கம்பளி என்பது கம்பளம் என்ற வடசொல்லின் வகையறா, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஸ்வெட்டரோ, விளையாட்டு வீரர்கள் வியர்வை வரட்டும் என்று போட்டுக்கொண்ட கம்பளிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். சென்னையில் அது பெயருக்கேற்ற வேலையைச் செய்யும்.

ஆனால் மெய்ப்பையிலிருந்து பைத்தா வரவில்லை. பை என்ற ஓரெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மெய்யை விட்டுவிட்டால், பின்னால் தொங்கும் தாவுக்கு என்ன கணக்கு? கோதிக், பழைய ஆங்கிலம், பவேரிய வழக்கு என்று எங்கே பார்த்தாலும் அந்த இரண்டாம் மெய் சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது. அதை வாலாக வெட்ட முடியாது.

கால்டுவெல் விஷயம் பாதி உண்மை. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் அவர் திராவிட மொழிகளைச் 'சித்திய' மொழிகளோடு ஒப்பிட்டார். பின்லாந்து மொழி, துருக்கி, மங்கோலியம் என்று பலவற்றையும் போட்டுக் கட்டிய பெரிய மூட்டை அது. விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும் பழக்கம் இவற்றுக்கும் தமிழுக்கும் பொது என்பது அவர் கண்ணில் பட்டது. தவறாகப் படவில்லை. பின்லாந்து மொழியில் குறில் நெடில் வேறுபாடும் நம் மாதிரியே பொருளை மாற்றும்: துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கச் சாவடி. வில்லா கம்பளி என்றால் வீலா அரம். இதையெல்லாம் கேட்டால் தமிழனுக்கு உள்ளம் குளிரத்தான் செய்யும். ஆனால் பழக்கவழக்கம் ஒத்துப்போனால் உறவு என்று ஆகிவிடாது. கால்டுவெல்லுக்குப் பிறகு அந்த மூட்டை பிரிக்கப்பட்டது. பின்லாந்து மொழியும் ஹங்கேரியமும் யூராலியம் என்று தனிக் குடும்பம் ஆயின, துருக்கி தனியாகப் போயிற்று, திராவிடம் தன் காலில் நிற்கிறது. யூராலியத்தோடு அதை இணைக்கும் முயற்சிகள் அவ்வப்போது நடந்திருக்கின்றன. பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை.

தமிழில் அந்த மொழியைச் சிலர் 'பின்னிய மொழி' என்று எழுதுவார்கள். வேறு எப்போதும் எனக்கு அந்தப் பெயர் பிடித்ததில்லை. இன்று, ஸ்வெட்டரைப் பற்றி எழுதும்போது, குறை சொல்ல மனம் வரவில்லை.

பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்ல வேண்டாம், மகள் சொல்லட்டும். அதுவும் மறுப்பாக இல்லாமல் சந்தேகமாகக் கேட்கட்டும். "தாத்தா, நல் என்பதோடு நெறி சேர்ந்தால் ஏன் நன்னெறி?" என்று அவள் தொடங்கினால், ஓய்வுபெற்ற எந்தத் தமிழாசிரியரும் தொலைபேசியை வைக்கமாட்டார். அவர் விதியை விளக்கி முடித்ததும், துல்லுத்தையும் வில்னாவையும் அவள் எடுத்துப்போடட்டும். தானே கண்டுபிடித்த மாதிரி அவர் அடுத்த வாரம் வேறு யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். அதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

வெள்ளாட்டை மறுபடியும் அவர் இழுத்தால் விட்டுவிடுங்கள். பின்லாந்தில் இதற்கு ஒரு வழக்கே இருக்கிறது: கம்பளியால் அமுக்குவது. ஒருவரின் பிழையைக் கண்டும் காணாமல் மூடிவைப்பதை அப்படிச் சொல்வார்கள். அங்கே இன்னொரு பழமொழியும் உண்டு. பன்றிக்கு மயிர் கத்தரித்த சைத்தான், "கூச்சல் நிறைய, கம்பளி கொஞ்சம்" என்றானாம். அதைப் பெரியப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அவர் மனம் கொஞ்சம் வாடினால் கொடுப்பதற்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் அஸ்கோ பர்ப்போலா என்ற அறிஞர், சிந்து முத்திரைகளில் உள்ள மொழி திராவிடம் என்று பல பத்தாண்டுகளாக வாதிட்டுவருபவர். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் அவருக்குச் செம்மொழித் தமிழ் விருது வழங்கினார்கள். பின்லாந்துக்கும் தமிழுக்கும் தொடர்பு வேண்டுமென்றால் இதோ, விருதோடு கூடிய தொடர்பு. ரத்த உறவு இல்லாத ஒருவர் ஆயுள் முழுக்க நம் மொழிக்காக மல்லுக்கட்டுவது ரத்த உறவைவிடக் குறைந்ததா என்ன?

மகளின் கட்டுரைக்கு வருகிறேன். ஒரு வரைபடம் போடட்டும். தெற்கே லித்துவேனியாவிலிருந்து ஓர் அம்புக்குறி: வில்னா. மேற்கிலிருந்து இன்னொன்று: பைதோ. இரண்டும் சேருமிடத்தில் பாட்டியின் ஸ்வெட்டர். வில்லாவுக்கும் பைத்தாவுக்கும் நான் சொன்னதை ஹெல்சிங்கியில் இருக்கும் பின்லாந்து மொழிகள் நிறுவனத்தின் வேர்ச்சொல் அகராதியில் அவளே சரிபார்க்கட்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரியவர் சொன்னார் என்பதற்காக என்னையும் நம்ப வேண்டாம். இடம் மிச்சமிருந்தால் வில்லாகொய்ரா என்ற சொல்லையும் சேர்க்கலாம். அப்படியே பெயர்த்தால் கம்பளி நாய். பூடில் நாய்க்கும் அந்தப் பெயர், கட்டிலுக்கடியில் திரண்டு உருளும் தூசிப் பந்துக்கும் அந்தப் பெயர். வகுப்பில் சிரிப்பார்கள்.

ஒரு கேள்வியை அவள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்: ஸ்வெட்டரில் பின்லாந்துக்காரர்களின் சொந்தச் சொல் எதுவுமே இல்லையா? ஊசிக்கு நேவுலா, ஜெர்மானிய இரவல். காலுறைக்குச் சுக்கா; அது லத்தீன் சொக்குஸ் ஜெர்மானியர் கைமாறி வந்தது. ஆனால் நூலை நூலோடு கோக்கும் செயலுக்கு குதோவா என்று ஒரு வினைச்சொல் உண்டு. அது அசல். ரஷ்யாவில் வோல்கா நதிப் பக்கம் வாழும் மொர்த்வின் மக்கள், அதே குடும்பத்தின் தூரத்துக் கிளை, இன்றும் நெசவுக்கு அதே அடியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆடு வருவதற்கு முன்பே, சட்டை வருவதற்கு முன்பே, எதையோ நெய்துகொண்டிருந்திருக்கிறார்கள். உரோமம் இரவல், உடை இரவல், ஊசி இரவல், கை வேலை மட்டும் சொந்தம். 1866ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்திலேயே கைவினையைக் கட்டாயப் பாடமாக வைத்த நாட்டில் இந்தச் சொல் நிலைத்திருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்னால் மகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒன்று கேட்டுவரட்டும். காலுறை பின்னுவதைப் பாட்டி குதோவா என்கிறாரா, நேவுலோவா என்கிறாரா? நாட்டின் மேற்குப் பக்கத்தில் பிறந்தவர்கள் முன்னதைச் சொல்வார்கள், கிழக்குப் பக்கத்தவர்கள் பின்னதை. எது சரி என்று அங்கே வீட்டுக்கு வீடு சண்டை. குதோவா என்ற சொல் மீன் முட்டையிடுவதைக் குறிக்கும் வினையை நினைவூட்டும் என்பதால், "மீன்தான் அதைச் செய்யும், மனிதர் நேவுலோவா செய்வார்கள்" என்று கிழக்கத்தியார் கிண்டல் செய்வார்கள். பாட்டி எந்த ஊர்க்காரர் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். போகும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.